மொட்டைமாடிப் படத்துக்கு என் கருத்து

அன்பு மகளுக்கு,

மொட்டைமாடியில் நீ நிற்கும் படம் கிடைத்தது. எடுத்தது யார் என்று சொல்லாமல், புகைப்பட மன்றத்தில் நான் புதியவர்களுக்குச் சொல்வதுபோல நிறை, குறை, யோசனை என்று வரிசையாக எழுதச் சொல்லியிருக்கிறாய். முயல்கிறேன். என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம்.

நிறை: மாலை வெயில் முகத்தில் நேராக விழுந்தும் கண் சுருங்கவில்லை. பின்னால் கொடியில் காயும் துணிகள் தலையில் முட்டவில்லை.

குறை: எடுத்தவரின் நிழல் உன் காலடி வரை நீண்டிருக்கிறது. அதை வெட்டிவிடலாம் என்று எழுதிக்கொண்டிருந்தபோது உன் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நிழலைப் பாக்குறீங்களே, பொண்ணு மூஞ்சியப் பாத்தீங்களா? விவாகரத்துக்கப்புறம் இப்படி என்னைக்காவது சிரிச்சிருக்காளா?"

"இல்ல, விதிப்படி..."

"உங்க விதியத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் சொல்வது சரிதான். உன் கல்யாணத்தில் நான் எடுத்த அத்தனை படங்களிலும் இந்தச் சிரிப்பு இல்லை.

யோசனை: அடுத்த முறை கேமராவை மாடிச் சுவரில் வைத்து, பத்து விநாடி தாமதம் கொடுத்து, இந்தப் படத்தை எடுத்தவரையும் உன் பக்கத்தில் வந்து நிற்கச் சொல். ஓடிவரும் அவசரத்தில் படம் கொஞ்சம் அசைந்துபோனாலும் குறையென்று எழுதமாட்டேன்.

உன் அப்பா