பொடி இறங்குது என்றார்கள்

அன்பு மகன் செல்வக்குமாருக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், மஸ்கட் வெயில் உன்னையும் நலமாக வைத்திருக்கட்டும். சென்ற மாதம் நம் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள தீர்மானம் ஒன்று நிறைவேறியது. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா இனி அச்சங்குளத்தில் நம் வாசலைத் தாண்டக் கூடாது. நான் முன்மொழிந்தேன், உன் தங்கை ரோஜா வழிமொழிந்தாள், எதிர்க்கட்சி இல்லை. காரணம் அவளுடைய குடல் புண். மதுரை டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார், குடலுக்குள் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றனவாம், நார்ச்சத்துள்ள சாப்பாடு கிடைத்தால் நல்ல கிருமிகள் குடல் சுவரைக் காக்குமாம், மைதாவும் எண்ணெயுமே போனால் பட்டினியில் அந்தச் சுவரையே அரிக்குமாம், குடல் வெந்து வீங்குமாம். இத்தனை பேருக்குச் சோறு போடும் குடும்பம் நாம் என்பது எனக்கு இதுவரை தெரியாது. புண் ஆறும் வரை குழைந்த சோறும் மோரும், பிறகு மெல்லக் கம்பங்கூழ், எதைச் சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார்.

மலத்தோடு போய்க்கொண்டிருந்த ரத்தம் நின்றது. உடனே பக்கத்து வீட்டு அய்யம்மாள், "கூழே கொணமாக்கிருச்சு, இன்னும் மாத்திரை எதுக்கு ஏளா?" என்றிருக்கிறாள். ரோஜாவும் என்னிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள். ரத்தம் திரும்பவும் வந்தபோது, பட்டாசு ஆலையில் மத்தாப்புக்குச் சிவப்புப் பொடி கலக்கும் அறையில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள், "பயப்படாத ஏளா, உள்ள போன பொடிதான் இறங்குது, இறங்கட்டும்" என்று தைரியம் சொல்லியிருக்கிறார்கள். அதே அறையில் உன் அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள், கண்மூடிய அந்தக் கடைசித் தீபாவளிச் சீசன் வரை. பத்து நாளைக்கு முன்பு ரோஜா அடுப்படிச் சுவரில் சாய்ந்து, வயிற்றைத் தாவணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். குரல் உன் அம்மா மாரித்தாயுடையது. செம்பை வைத்துக்கொண்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றேன். "என்னப்பா, பேயப் பாத்த மாதிரி நிக்கீக?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அம்மா இந்த வீட்டைவிட்டுப் போகவில்லை, மகனே, சாயந்தரமானால் ரோஜாவின் இருமலில்கூட வருகிறாள்.

மறுநாளே மதுரையில் சேர்த்தேன். ஊசிக்கும் புண் அடங்கவில்லை. நீ அங்கே பாக்கெட் தீனியைக் குறைத்துக்கொள். ரத்தம் கண்டால், நீ பொடி கலக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு நேரே டாக்டரிடம் போ. இருக்கன்குடி மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள். ரோஜா என் பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூங்குகிறாள். நேற்றுப் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள்.

இப்படிக்கு
உன் அப்பா
கோட்டைச்சாமி