வங்கிக் கோபுரத்தின் விளக்கு

அன்புள்ள நைனாவுக்கு,

உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே நான் நலம்.

நான் வேலை செய்யும் நாற்பது மாடிக் கட்டடம் முன்பு ஒரு வங்கியின் தலைமையகம். புயல் வருமென்றால் உச்சியில் சிவப்பு விளக்கு எரியுமாம், நம் துறைமுகத்துப் புயல் கூண்டு மாதிரி. வங்கி திவாலானதும் அணைத்துவிட்டார்கள். இப்போது அண்ணாந்து பார்ப்பது நான் மட்டும்தான்.

போன வாரம் கூண்டு ஏற்றியிருந்தும் நீங்கள் படகை இறக்கியதாக அம்மா போனில் அழுதாள். தடுத்தவளிடம், "இன்னாமே, கூண்டு ஏத்துனா மீனு லீவு போட்டுருமா?" என்றீர்களாம். தம்பி விமலும் இதையே சொல்லிவிட்டுத்தான் போனான். அன்று நாம் எல்லோரும் சிரித்தோம். அவன் உடல்கூடக் கரை சேரவில்லை.

யாராவது இங்கே வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள்.

எனக்குச் சாமியிடம் வேண்டிக்கொள்ளத் தெரியாது. அதனால் உங்களிடமே கேட்கிறேன், நைனா. போகாதீர்கள். மேலதிகாரி கூப்பிடுகிறார்.

மகள்,
தேசம்மா