கூடவே எது வரும் என்று கேட்டவளுக்கு

இன்று காலை பழைய டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தபோது, இரு ஓரமும் துளையிட்ட கம்ப்யூட்டர் தாள் ஒன்று விழுந்தது. நான் எழுதிய கட்டளைக்குக் கீழே உன் சிவப்பு மை: "எதை? எங்கிருந்து? எங்கே? கூட எது?" நீ இறந்துபோய் நாற்பது நாளாகிறது. அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

எண்பதுகளின் கடைசியில், தென்காசிக்காரிகள் நாம் இரண்டு பேரும் சென்னையில் ஒரே கம்பெனியில் இருந்தோம். நிரம்பிப்போன டிஸ்கிலிருந்து ஒரு டேபிளை, அதாவது பதிவுகளின் அட்டவணையை, புது டிஸ்குக்கு மாற்றும் கம்ப்யூட்டர் கட்டளையை வடிவமைத்தது நான். அதைச் சோதிப்பது உன் வேலை. என் கட்டளை நான்கே சொல். அந்தச் சுருக்கத்தில் எனக்கு அப்படியொரு கர்வம்.

சீசனுக்கு ஊருக்கு வந்தவர்கள் குற்றாலம் போனோம். மெயின் அருவியில் குளித்த ஈரத்தோடு ஜீப் பிடித்து ஐந்தருவியில் இறங்கிய பிறகுதான், மாற்றுப் புடவை இருந்த பையை மெயின் அருவிப் பக்கத்தில் ஒரு பழக்கடை அக்காவிடமே விட்டுவந்தது தெரிந்தது. சாரலில் எனக்குப் பல் கிட்டியது. உனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏட்டி, ஆளு இங்கன நிக்குதோம், துணி அங்கன கெடக்கு. ஒன் கட்டளையும் இதத்தான பண்ணுது!"

உண்மைதான். டேபிள் இடம் மாறிவிடும். பெயரைச் சொன்னால் பதிவைத் தேடித் தரும் இண்டெக்ஸ் பழைய டிஸ்கிலேயே கிடக்கும். அதையும் கொண்டுபோவதா என்று கட்டளையே கேட்க வேண்டும், பதில் வராமல் எதையும் நகர்த்தக் கூடாது என்றாய்.

"இவ்வளவு நீளமா எவ டைப் அடிப்பா?" என்றேன்.

சோதனையில் தேறியது என்று கையெழுத்துப் போட நீ மறுத்தாய். நான் உன்னைத் தாண்டி மேலதிகாரியிடம் வாங்கிக்கொண்டேன்.

திருநெல்வேலியில் நம் கம்பெனி மென்பொருளை வாங்கிய ஒரு மருத்துவமனை. அங்கிருந்த ஆப்பரேட்டர் பெண் என் நான்கு சொல்லை அப்படியே அடித்தாள். மறுநாள் எந்த நோயாளியின் பெயரைக் கேட்டாலும் 'இல்லை' என்றது திரை. ஒரு குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் பற்றிய குறிப்பும் அகப்படவில்லை. தாய் பதறிப்போய்ச் சொன்னதால் பிழைத்தது. 'ஆப்பரேட்டர் தவறு' என்று நான் அறிக்கை எழுதினேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சரிசெய்யப் போனவள் நீ. திரும்பி வந்து நேரே என் மேசைக்கு முன்னால் நின்றாய்.

"அந்த ஆப்பரேட்டர் பிள்ள அழுதுட்டே நிக்குதா. தப்பு நம்ம தப்புன்னு எழுதிக் குடுட்டி."

"குடுத்தா என் வேல போயிரும்."

"அவ பேரு என்னன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"அது எதுக்கு?" என்றேன்.

அதன் பிறகு நீ என்னோடு பேசவில்லை. அந்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாய்.

அடுத்த பதிப்பில் உன் கேள்வியைச் சேர்த்தேன். பாராட்டும் எனக்கே கிடைத்தது. அதற்குப் பின் நான் எழுதிய எந்தக் கட்டளையும் கேட்காமல் எதையும் நகர்த்தியதில்லை. இதைச் சொல்லி மனதைத் தேற்றப் பார்க்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் அந்த மருத்துவமனைக்குப் போன் செய்தேன். அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரும் இல்லையாம். பிறகு, தவறு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். உறையின் மேல் எழுத அவள் பெயர் தெரியவில்லை. தெரிந்தவள் நீ ஒருத்திதான்.