உங்கள் முழமும் என் முழமும்

சுடர்விழியின் தாத்தாவுக்கு, திருப்பூர் ஹாஸ்டலிலிருந்து சொர்ணம் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சுடர்விழி நர்சிங் சேர்ந்ததையும், சந்தோஷ்குமார் கபடியில் கப்பு வாங்கியதையும், சின்னவன் செம்மல் மேடையேறிக் குறள் சொன்னதையும் சமையலறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அஞ்சாவது படித்தவளின் பேரப்பிள்ளைகளா என்று வாயைப் பிளக்கிறார்கள்.

ஓலைக் கொட்டான் கூடைகள் முடைய, பத்து முழத்தில் ஒரு கொட்டகை என்று நான் சொன்னது என் கை முழம். நீங்கள் உங்கள் நீளக் கையால் அளந்து கம்பம் ஊன்றிவிட்டீர்களே! வாங்கிய தகரம் கூரைக்குப் பற்றாது என்றால் நான் சித்திரையில் வர முடியாது. மீதித் தகரத்துக்குக் காசு சேர, ஆடி வரை இங்கேதான் கரண்டி பிடிக்க வேண்டும். போகட்டும், கம்பத்தைப் பிடுங்காதீர்கள்.

மத்தியான ஓய்வில் கொட்டான் முடையும்போது என் நினைப்பெல்லாம் அந்தக் கூடுதல் இடத்தில்தான் உலாவுகிறது. அங்கே நம் ஊர்ப் பெண்கள் நாலு பேர் பேசிக்கொண்டே முடைகிறார்கள், வாசலில் சாயம் போட்ட ஓலை காய்கிறது. நேற்று அடுப்படியிலும் அப்படியே நின்றுவிட்டேன், சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

"சொர்ணம்மா, மனசு எங்க இருக்கு?" என்றார் வார்டன்.

"கீரனூர்ல கூரை போட்டுக்கிட்டு இருக்குங்க" என்றேன். சிரித்துவிட்டார்.

யாராவது இங்கிட்டு வந்தால் கொஞ்சம் குருத்தோலை கொடுத்துவிடுங்கள். இந்த ஊர் ஓலையில் நம் வாசனை இல்லை.

உலை கொதிக்கிறது. ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்புங்கள், போனில் பார்த்தால் எல்லாம் சுருங்கித் தெரிகிறது. கொட்டகைக்குள் கம்பத்தைத் தொட்டபடி கையை நீட்டி நில்லுங்கள். அந்தக் கையை வைத்து மிச்சத்தை நான் இங்கிருந்தே அளந்துகொள்வேன்.