‘அது நானில்லீங்க’ என்று நீங்கள் சொன்ன மாலை

அத்தை,

சீருடைத் துப்பட்டாவுக்கு ஊக்கு தேடிக்கொண்டிருந்தேன். அம்மா ஊக்குகளைப் போட்டு வைத்திருப்பது உங்கள் பழைய பேன்கேக் மேக்கப் டப்பாவில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூடியைத் திருகியதும் அந்த மாவு வாசனை வந்தது. நீங்கள் முத்தம் கொடுத்துவிட்டுப் போனால் என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு இருக்குமே, அதே வாசனை. மேடைக்கும் அதைத்தான் பூசினீர்கள், டிவிக்கும் அதைத்தான் பூசினீர்கள். இதை எழுதுவது யாருக்கும் தெரியாது. அடுத்த அறையில் அப்பா இருமினால் விளக்கை அணைத்துவிடுவேன்.

நான் இப்போது பதினொன்றாம் வகுப்பு. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் பள்ளிக்குப் போய்வருகிறேன். ஒரு வேலையை விட்டு வேறு வேலைக்குப் போன ஒருவரைப் பற்றி ஆளுக்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் திட்டம் கொடுக்க வேண்டும். என்ன கேள்வி, யாரிடமெல்லாம் கேட்கப் போகிறோம், முதலில் யாரிடம் என்று. நான் அவசரப்பட்டு உங்களைச் சொல்லிவிட்டேன். ‘நாட்டியம் ஆடிக்கொண்டிருந்த என் அத்தை ஏன் அதை விட்டுவிட்டு டிவி தொகுப்பாளர் ஆனார்?’ மிஸ்ஸுக்கு மிகவும் பிடித்துவிட்டது. திட்டத்தை நாளைக்குக் கொடுக்க வேண்டும்.

பக்கத்தில் உட்காரும் தர்ஷினி அன்றைக்கே சொன்னாள். "உனக்கு எதுக்குடி இந்த வம்பு? எங்க மாமா லாரி ஓட்டீட்டு இருந்துட்டு நாமக்கல்ல முட்டைக்கடை வெச்சாரு. அவர எழுதிக்க. ஏன் மாமா மாத்துனீங்கன்னா, இடுப்பு வலிம்பாரு. ரெண்டு பக்கத்துல சோலி முடிஞ்சுது."

உங்களுக்கும் அப்படி ஒரு காரணம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவிடம் கேட்டேன். "முட்டி தேஞ்சு போச்சுன்னு அவங்களே சொன்னாங்க சாமி" என்றார். சரி என்று குறித்துக்கொண்டேன். பிறகு உங்களோடு ஒரே குழுவில் ஆடினாரே உங்கள் சிநேகிதி, அஸ்தம்பட்டியில் இப்போது டான்ஸ் கிளாஸ் வைத்திருக்கிறார், நேற்று பள்ளி விட்டதும் அவரிடம் போனேன். கட்டையில் தாளம் தட்டிக்கொண்டே பேசினார்.

"முட்டியா? ஆரு சொன்னா? கடைசி மேடையில என்னையவிட ஒசரமாக் குதிச்சா உங்கத்த. முட்டி போனது எனக்கு."

"அப்புறம் ஏனுங்க விட்டாங்க?"

தாளம் நின்றது. "அத எங்கிட்டக் கேக்கறயே கண்ணு. உங்கப்பாகிட்டக் கேளு." நான் கிளம்பும்போது உங்கள் மாலை நேரப் பாட்டு நிகழ்ச்சியின் பழைய பதிவுகளை மட்டும் என் போனுக்கு அனுப்பிவிட்டார்.

டிவிக்குப் போன புதிதில் நீங்கள் பட்ட பாட்டை எனக்கு நடித்துக் காட்டுவீர்கள். நாட்டியத்தில் கை போகும் இடத்துக்குக் கண்ணும் போக வேண்டும். டிவியில் கை எங்கே போனாலும் கண் கேமராவை விட்டு நகரக் கூடாது. நீங்கள் ஜவுளிக்கடைப் பரிசுச் சேலையைக் காட்டக் கையை நீட்டினால் கண் அதன் பின்னாலேயே ஓடிவிடும். கேமராக்காரர் கத்துவாராம். "அக்கா, கண்ணு இங்க! சேலைய ஜனங்க பாத்துக்குவாங்க, நீங்க ஜனங்களப் பாருங்க!" சொல்லிவிட்டு நீங்கள் சிரிப்பீர்கள். "கையப் பாக்காம இருக்கப் பழகறதுக்குள்ள உசுரே போயிருச்சு கண்ணு."

அனுப்பிய பதிவுகளில் நீங்கள் ஓரிடத்திலும் தவறவில்லை, ஒன்றைத் தவிர. அதில் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் பேசுகிறார்.

"ஏனுங்க, எங்கூரு தேர் நோம்பிக்கு ஆடுனவங்கதானுங்க நீங்க? நான் முன்னால உக்காந்து பாத்தனுங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். "அது நானில்லீங்க. வேற ஆராவது இருக்கும். உங்களுக்கு என்ன பாட்டுப் போடட்டுமுங்க?"

"இல்லீங்க, அந்தச் சிரிப்பு இதேதானுங்க."

"சிரிப்பு எல்லார்த்துக்கும் ஒண்ணுதானுங்க!"

உடனே பரிசுச் சேலையைக் காட்டக் கையை நீட்டுகிறீர்கள். உங்கள் கண்ணும் கையோடு போகிறது. மெதுவாக, விரல் நுனி வரைக்கும் போகிறது. அப்புறம்தான் திரும்பி வருகிறது.

அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். நீங்களே இல்லை என்று சொன்னதை நான் ஆமாம் என்று வகுப்பில் எழுந்து வாசித்தால் அது உங்களுக்குச் செய்யும் மரியாதையா, துரோகமா? எனக்குப் புரியவில்லை.

புரிந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. திருவிழா மேடைகளில் நீங்கள் ஆடிய காலத்தில் அப்பா கூடப்பிறந்த உங்களோடு பேசவே இல்லை என்று அம்மா ஒருமுறை சொன்னார். நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது நான் ஒன்றாம் வகுப்பு. அப்போது நீங்கள் டிவிக்குப் போய்விட்டிருந்தீர்கள். எனக்கு முறுக்கும் ரிப்பனும் வாங்கி வந்தீர்கள். நான் உங்கள் மடியிலிருந்து இறங்கவே இல்லையாம். அந்த வாசலுக்குள் வருவதற்காகத்தான் ஆடுவதை விட்டீர்களா? அப்பாதான் விட வைத்தாரா? அப்படித்தான் என்று யாராவது சொல்லிவிட்டால் நான் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? எனக்குக் காய்ச்சல் என்றால் செவ்வாய்ப்பேட்டைக் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வருகிறவர் அவர், அத்தை.

இன்று சாப்பிடும்போது அவரே கேட்டார். "என்ன சாமி, பள்ளிக்கூடத்துக்கு என்னமோ எழுதோணும்னயே, ஆரப் பத்தி?"

அம்மாவின் கரண்டி குழம்பிலேயே நின்றது.

"தர்ஷினி மாமாவப் பத்திங்கப்பா. லாரிய விட்டுட்டு முட்டைக்கடை வெச்சிருக்காரு" என்றேன். பொய் அத்தனை சுலபமாக வந்தது. நான் சிரிக்கக்கூடச் செய்தேன். அந்தத் திருச்செங்கோட்டுக்காரருக்கு நீங்கள் சொன்னதும் இப்படி வந்ததுதானா என்று அப்போதே தோன்றியது. என்னுடையது பயம். உங்களுடையது என்ன?

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நேத்து அந்த டான்ஸ் கிளாஸ் வாசல்ல நின்னுட்டு இருந்தயே. அங்க ஆரு முட்டை விக்கறாங்க?"

அம்மா, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றார். அப்பா வேண்டாம் என்று கை காட்டினார்.

"உங்கத்த ஆடி நான் ஒருக்காகூடப் பாத்ததில்ல. எங்கிட்டக் கேட்டா எனக்கென்ன தெரியும்?"

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது கோபமா, வருத்தமா, என்னை அத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னதா? மிளகாய் விலை ஏறிவிட்டது என்று சொல்கிற அதே குரல்தான். அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

நானும் உங்கள் ஆட்டத்தைப் பார்த்ததில்லை அத்தை. எனக்கு நினைவு தெரிந்தபோது நீங்கள் டிவிக்குள் இருந்தீர்கள். உங்களைக் கேட்டால் தெரிந்துவிடும், இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவேயில்லை.

திட்டத்தில் இருந்த கேள்வியை அடித்துவிட்டேன். ஏன் விட்டார் என்று மற்றவர்களைக் கேட்டு நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? இப்போது எழுதியிருப்பது இதுதான்: ‘அவர் ஆடிய காலத்தில் நீங்கள் ஏன் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை?’ முதலில் கேட்க வேண்டியவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது.

காலையில் அவர் கடைக்குக் கிளம்புவதற்குள் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் அந்தத் தாளைக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. உங்கள் நிகழ்ச்சிக்குப் போன் போட்டுவிட்டுப் பயத்தில் பேசாமல் நிற்பவர்களை நீங்கள் ஒருநாளும் துண்டித்ததில்லை. காத்திருந்து சொல்வீர்கள். அதைத்தான் இவ்வளவு நேரமாக எனக்கு நானே உங்கள் குரலில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"லைன்லதான் இருக்கேன் சாமி. பேசுங்க."