புது லேப்டாப் அனுப்பாதே

குன்னூர்
12 ஜூலை 2025, சனிக்கிழமை, மாலை நாலேகால்
திரையில் பச்சைக் கோடுகள் ஏழு

பைரோஸ் அண்ணனுக்கு, தம்பி ஷாருக்கின் ஸலாம். இங்கே எல்லாரும் சுகம். அத்தாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, கடைக்குப் போய் வருகிறார். விடாத மழை. எதிர் வீடு தெரியவில்லை.

ஏன் கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் உடனே போன் போடுவாய். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கர்தான். அதனால் புதன்கிழமை ஷார்ஜா திரும்பும் சுபுஹான் மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

நீ கொடுத்த பழைய லேப்டாப் விஷயம். "ஃபார்மட் பண்ணுடா, சரியாயிரும்" என்றாய். ஆகாது. விண்டோஸ் வருமுன்பே, கம்பெனி பெயர் தெரியும் முதல் திரையிலேயே கோடு நிற்கிறது. அப்புறம் மென்பொருளைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கடை டிவியில் மாட்டிப் பார்த்தேன், படம் சுத்தம். ஆக, உள்ளே சிப் நன்றாக இருக்கிறது. மூடியை முன்னும் பின்னும் ஆட்டினேன், கோடு மாறவில்லை. கீல் வழியே போகும் கேபிளும் தப்பித்தது. திரையின் கீழ் விளிம்பை விரலால் அழுத்தினால் மட்டும் மூன்று கோடு மறைகிறது, விட்டால் வருகிறது. கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு சூட்டில் பிடி விட்டிருக்கிறது. இந்தக் குளிரில் ஏது சூடு?

நேற்று ராத்திரி ஸ்வெட்டர் எடுக்க அம்மாவின் பீரோவைத் திறந்தேன். பட்டுச் சேலைக்குப் பூஞ்சை பிடிக்காமல் மழைக்காலம் முழுக்க எரியுமே, அந்த நாற்பது வாட் பல்பு. அதை ஒட்டி, துண்டில் சுற்றி, லேப்டாப். துண்டு பழுப்பேறிப் போயிருந்தது. கேட்டால், "ஏங்கண்ணு, சீலைக்கே பூஞ்சை புடிக்குது, மெஷினுக்குப் புடிக்காதா? நீ வேலை முடிச்சதும் வெச்சு, நீ எந்திரிக்கறதுக்குள்ள எடுத்து மேசையில வெச்சுருவேன்" என்றாள், பெருமையாக.

பல்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றேன். "அப்போ பைரோஸ்கிட்ட புதுசு கேக்கறேன். ஊட்டுக்குள்ளயே உக்காந்து சம்பாதிக்கற பாக்கியம் யாருக்குடா வரும்? உனக்கு ஓசூர் எதுக்கு?" என்றாள்.

ஓசூரில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலை. ஆகஸ்ட் நாலாம் தேதி சேரவேண்டும். டிப்ளமோ படித்தது அதற்குத்தான். மூன்று வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, கோயம்புத்தூர்க்காரன் ஒருவனுக்கு பில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ நல்லதுக்குத்தான் கொடுத்தாய். ஆனால் நீ ஷார்ஜா போனாய், ஷாயிஸ்தா அக்கா கல்யாணமாகித் திருப்பூர் போனாள், மிச்சம் நான். அந்த மெஷின் ஓடும்வரை நான் இங்கே இருப்பேன் என்பது அம்மா கணக்கு. அதனால்தான் பிள்ளையைப் போலத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறாள். அவளைத் திட்ட மனசு வரவில்லை. இருக்கவும் முடியவில்லை. மேசைக்கும் சுவருக்கும் நடுவே மூச்சு முட்டுகிறது, அண்ணே.

வெள்ளிக்கிழமை போனில் கேட்பாள். அனுப்பாதே. புதுசு வந்து இறங்கிவிட்டால் என்னால் அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியாது. பல்புதான் காரணம் என்பதையும் அவளிடம் சொல்லிவிடாதே.

இனி நான் செய்யப்போவது:

1. வேறு திரை வாங்கி மாட்டி, இந்த லேப்டாப்பை அத்தாவின் கடைக்குக் கொடுப்பேன்.
2. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு அதற்கு ஒரு பை தைத்து வைப்பேன். பீரோவுக்குப் போகவேண்டியதில்லை.
3. வருகிறேன் என்று ஓசூருக்குத் திங்கட்கிழமை மெயில் போடுவேன்.
4. நீ முடியாது என்று சொன்ன மறுநாள் அம்மாவிடம் நானே சொல்வேன். அழுவாள். பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்பேன். ஆனால் போவேன். நீ துஆ செய்வதென்றால் எனக்கு வேண்டாம், அவளுக்குச் செய்.

ஷாருக்