குழம்பு ஆறுது என்று அழுதது

ஆவணி, வெள்ளிக்கிழமை

மூத்த பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். சின்னவன் துபாயில் சூப்பர்வைசர். பேத்தி கவிதா காலேஜில் எதில் சேர்ந்தாலும் முதல் பரிசு. இதைத் தெருவெல்லாம் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் நீண்டுவிட்டது.

நேற்று கவிதாவும் கூட்டாளிகளும் சினிமா விருது விழாவைக் கேலி செய்து ஒரு வீடியோ எடுத்தார்கள். "ஆச்சி, சிறந்த அழுகைக்கு விருது ஒங்களுக்குத்தான். அழுது காட்டுங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த வீட்டுச் செல்லக்கனி, புருஷன் செத்த அன்று அழுதது ஞாபகம் வந்தது. "குழம்பு ஆறுது, எந்திச்சு வாரும்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அப்படியே செய்தேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஜிகினாத்தாள் ஒட்டிய சொம்பை விருதென்று கையில் கொடுத்துப் போட்டோவும் எடுத்தார்கள்.

இன்று தெருவில் எல்லார் போனிலும் அந்த வீடியோ ஓடியது. சாயங்காலம் குழாயடியில் செல்லக்கனி நின்றாள்.

"சும்மா பிள்ளையளுக்காவச் செஞ்சேன், ஏளா" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் வைத்தாள். "நீ நல்லாத்தான் நடிச்ச. நான் அன்னைக்கு நடிக்கலையே, ஏளா."

முப்பது வருஷப் பழக்கம். வீட்டுக்குள் போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள், இந்நேரம் வரை திறக்கவில்லை.

வீடியோவைக் கவிதா அழித்துவிட்டாள். ஆனால் என் வாட்ஸ்அப்பில் என் படமாக இன்னும் அந்தச் சொம்போடு பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறேன். காலையில் செல்லக்கனி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவேன். அவள் என் பக்கத்தில் நிற்கச் சம்மதித்தால், கவிதாவிடம் சொல்லி வேறு போட்டோ போடச் சொல்ல வேண்டும். சம்மதிக்காவிட்டாலும் அந்தச் சொம்புப் படம் இருக்கக் கூடாது.